ரஸ்ட்டில் சொந்தப் பிழை வகை: கேள்விக்குறி என்ன செய்கிறது?

ரஸ்ட் நிரல்மொழியில் ரிசல்ட் என்றால் ஓகே (வெற்றி) அல்லது எர் (பிழை) வரும் என்று தெரிந்துவிட்டது. ஆனால் ஒரே ஃபங்ஷனுக்குள் இரண்டு விதமான பிழைகள் வந்ததும் கம்பைலர் மறுக்கிறது. அந்த இடத்தில் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் சர்வருக்காக எழுதிய சின்ன ஃபங்ஷனையே எடுத்துக்கொள்வோம். அது ஒரு கோப்பைத் திறந்து, அதிலுள்ள போர்ட் எண்ணைப் படித்து, யு16 (குறியில்லாத 16 பிட் முழு எண்) ஆக மாற்றித் தரும். படிக்கும்போது ஐஓ எரர் வரலாம், மாற்றும்போது பார்ஸ்இன்ட்எரர் வரலாம். திருப்பித் தரக்கூடியதோ ஒரே பிழை வகை.

முதலில் ஒரு ஈனம் (enum, பல கிளைகளில் ஏதேனும் ஒன்றாக இருக்கும் வகை) எழுதுங்கள். பெயர் அமைப்புப்பிழை, அதற்குள் கோப்பு, எண் என்று இரண்டு கிளைகள். (2021 ஜூனில் வந்த 1.53 பதிப்பிலிருந்து இப்படித் தமிழிலேயே பெயர் வைக்கலாம்.) ஒவ்வொரு கிளையும் மூலப் பிழையை அப்படியே சுமக்கட்டும். அதை ஸ்டிரிங்காக மாற்றி வைத்துவிட்டால், கோப்பு இல்லையா, அனுமதி இல்லையா என்று பின்னால் பிரித்துப் பார்க்க வழி இருக்காது.

அடுத்து டிபக்கை (நிரலர் பார்க்கும் வடிவம்) டிரைவ் (derive) செய்யுங்கள், அதாவது கம்பைலரையே எழுத வையுங்கள்; டிஸ்பிளேயை (பயனர் பார்க்கும் செய்தி) கையால் எழுதுங்கள், எரர் டிரெயிட்டையும் (trait, ஒரு வகைக்கு இருக்க வேண்டிய திறன்களின் தொகுப்பு) சேர்த்துவிடுங்கள். எரருக்கு வெற்று அடைப்பே போதும். ஆனாலும் சோர்ஸ் மெதடை எழுதி மூலப் பிழையைத் திருப்பித் தருவது நல்லது.

இனி ஃப்ரம், அதாவது ஒரு வகையை இன்னொரு வகையாக மாற்றும் டிரெயிட். இங்கே நிதானமாகப் போவோம்.

வரியின் முடிவில் போடும் கேள்விக்குறி, ஓகே வந்தால் உள்ளே இருப்பதை எடுத்துக் கொடுக்கும். எர் வந்தால் ஃபங்ஷனை விட்டு உடனே வெளியேறும். ஆனால் வெளியேறும் முன் அந்தப் பிழையை ஃப்ரம் வழியாக உங்கள் பிழை வகைக்கு மாற்றப் பார்க்கும். அந்த மாற்றத்தை நீங்கள் எழுதிவைக்கவில்லை என்றால் இ0277 என்ற பிழை வரும். ஆக, நாம் எழுத வேண்டியது இரண்டு ஃப்ரம்கள்தான்.

திசையில்தான் பலர் இடறுகிறார்கள். ஃப்ரமை அடுத்த கோண அடைப்புக்குள் வருவது மூலம், அதாவது ஐஓ எரர். ஃபாருக்குப் பின் வருவது சேருமிடம், அதாவது அமைப்புப்பிழை. தலைகீழாக எழுதினால் அந்த வரியைக் கம்பைலர் குறை சொல்லாது, ஏனென்றால் அதுவும் செல்லுபடியான மாற்றம்தான். கேள்விக்குறி இருக்கும் வரியில் மட்டும் அதே இ0277 நிற்கும். எழுதியும் ஏன் போகவில்லை என்று குழம்பினால் முதலில் திசையைப் பாருங்கள்.

இன்னொரு சிக்கல்: பதிவுக் கோப்பு (லாக்) எழுதுவதிலும் ஐஓ எரர்தான் வரும். அதற்குத் தனிக் கிளை வேண்டுமென்று ஐஓ எரருக்கு இரண்டாவது ஃப்ரம் எழுதினால் இ0119 வரும். ஒரு மூலத்திலிருந்து ஒரு வகைக்கு ஒரே வழிதான் இருக்கலாம். அங்கே மேப்_எர் (எர்ருக்குள் இருக்கும் பிழையை மட்டும் மாற்றும் மெதட்) போட்டு, அதற்குள் பதிவு என்ற கிளையின் பெயரை மட்டும் கொடுங்கள். கிளையே ஃபங்ஷனாக வேலை செய்யும், குளோஷர் (பெயரில்லாத குட்டி ஃபங்ஷன்) தேவையில்லை. என்னைக் கேட்டால், பிழை எங்கே வந்தது என்பது முக்கியமான எல்லா இடத்திலும் ஃப்ரமைவிட இதுவே மேல்.

எல்லாம் சரியாக இருந்தும் 8080 என்ற எண் பார்ஸ் ஆகாமல் போகலாம். பெரும்பாலான எடிட்டர்கள் கோப்பின் கடைசியில் ஒரு புதுவரி வைத்துவிடும், பார்ஸ் அதை ஏற்காது. அதற்கு முன்னால், இரு ஓரத்து வெற்றிடங்களையும் நீக்கும் டிரிம் ஒன்றைப் போடுங்கள். 65535க்கு மேற்பட்ட எண்ணை யு16 தானே மறுத்துவிடும்.

இதையெல்லாம் ஒருமுறை கையால் எழுதிப் பாருங்கள், அப்புறம் திஸ்எரர் என்ற கிரேட்டுக்கு (crate, ரஸ்ட்டின் நூலகத் தொகுப்பு) போங்கள். ஃப்ரம், சோர்ஸ் இரண்டையும் அதுவே எழுதித் தரும். மற்றவர்கள் பயன்படுத்தும் லைப்ரரிக்குத் திஸ்எரர், நேரடியாக ஓடும் நிரலுக்கு எனிஹவ் (எந்தப் பிழையையும் ஒரே வகையில் ஏந்தும் இன்னொரு கிரேட்) என்பது என் வழக்கம்.

பின்சேர்க்கை: டிஸ்பிளேயில் அழகாகத் தமிழ்ச் செய்தி எழுதியும் திரையில் ஈனத்தின் உள்ளமைப்புதான் வருகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மெயின் ஃபங்ஷனிலிருந்து பிழையைத் திருப்பி அனுப்பினால் ரஸ்ட் அதை டிபக் வடிவில்தான் அச்சிடும். மெயினில் கேள்விக்குறி போடாமல், பிழையை இஃப் லெட் கொண்டு பிடித்து, இபிரின்ட்எல்என் மூலம் காட்டிவிட்டு, 1 என்ற குறியுடன் வெளியேறுங்கள்.