பெண்கள், குழந்தைகளுக்காகப் பேச வருகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

1921இல் ஈரோட்டில் பெரியாரின் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலுக்குத் தெருவில் இறங்கினார்கள். மறியலை நிறுத்தச் சொல்லிக் கேட்டவர்களிடம், அது தன் கையில் இல்லை, ஈரோட்டில் இருக்கும் இரண்டு பெண்களின் கையில் இருக்கிறது என்று காந்தி சொன்னதாக இந்தப் பக்கம் இன்றும் பேசுவார்கள். இப்போது எம்.எஸ்.டபிள்யூ (சமூகப் பணி), சட்டம் படித்துவிட்டு, பெண்கள், குழந்தைகளுக்காகப் பேசுவதையே முழுநேர வேலையாக எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் கோவை, திருப்பூர், நாமக்கல் எங்கும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் இந்த வேலையில் நாம் தப்பு செய்தால் அடி வாங்குவது நம்மை நம்பி வந்த பெண்ணும் குழந்தையும்தான். அதை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

மிக மோசமான தவறு, அடையாளத்தை வெளியே விடுவது. 2019இல் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கு வெடித்தபோது, புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல்துறை அதிகாரியே வெளியே சொன்னார். வழக்கை சிபிஐக்கு மாற்றிய அரசாணையிலும் பெயர் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. அவ்வளவுக்குப் பிறகும் வழக்கு தளராமல் நின்றது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் சொன்னார். அந்தப் பெண்களின் உறுதி அது. எல்லோரிடமும் அதை எதிர்பார்க்க நமக்கு உரிமை இல்லை.

பெயரை மறைத்துவிட்டால் போதும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். போதாது. 'பெருந்துறைப் பக்கம் ஒரு மில்லில் வேலை செய்யும், அப்பா இல்லாத, பதினேழு வயசுப் பெண்' என்று எழுதினால், அந்த ஊர் டீக்கடைக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்த கையோடு, மனுவைப் பிடித்தபடி அம்மாவும் பெண்ணும் நிற்கும் போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறவர்களும் உண்டு. முகத்தை மங்கலாக்கி இருப்பார்கள். சுடிதாரும் பின்னால் நிற்கும் ஸ்கூட்டி நம்பரும் பளிச்சென்று தெரியும். குழந்தைகள் விஷயத்தில் பெயர், முகவரி, பள்ளி, குடும்ப விவரம் எதையும் வெளியிடக் கூடாது என்று போக்சோ சட்டமும் (குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்) இளைஞர் நீதிச் சட்டமும் சொல்கின்றன. நல்ல எண்ணத்தில் போட்டேன் என்பது பதிலாகாது.

அடுத்தது, தப்பான கதவைத் தட்டுவது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மனு மேசை மேசையாக நகரும், நாள் ஓடிவிடும். குழந்தைத் திருமணம் என்றால் மாவட்ட சமூக நல அலுவலர். அவர்தான் தடுப்பு அலுவலர். ஆதரவில்லாத குழந்தையைக் கண்டால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழைக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் போக வேண்டும். பாவம் என்று நாமே வீட்டில் வைத்துக்கொள்வதோ, தெரிந்த விடுதியில் சேர்ப்பதோ சட்டப்படி தப்பு.

திருப்பூரில் ஒரு சந்துக்குள் எட்டுப் பேர் செக்கிங்கும் பேக்கிங்கும் செய்யும் ஜாப் ஒர்க் யூனிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு பெண்ணிடம் முதலாளி தவறாக நடந்தால் எங்கே போவது? பத்துப் பேருக்குக் குறைவான இடத்தில், பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள் புகார் குழு இருக்காது. பணியிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டப்படி மாவட்டத்துக்கு ஒரு உள்ளூர் புகார் குழு இருக்கிறது. புகார் முதலாளி மேலேயே என்றால் பெரிய கம்பெனிப் பெண்ணும் அங்கேதான் போக வேண்டும். பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிக்கூடங்களுக்கும் இதே வழிதான். புகார் கொடுக்கக் கெடு மூன்று மாதம். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். 'அவங்ககிட்ட ஒரு தடவை பேசிப் பாக்கலாமுங்க' என்று நாம் இழுத்துக்கொண்டே இருந்தால், அந்தக் கெடு நம்மால்தான் போகும்.

பேசி முடிப்பது என்றதும் சொல்ல வேண்டியது இருக்கிறது. போக்சோவில் சமரசம் கிடையாது. குற்றம் நடந்தது தெரிந்தவர் யாரானாலும் புகார் செய்தே ஆக வேண்டும். செய்யாவிட்டால் அதுவே குற்றம். ஊர்ப் பெரியவர்கள், இரண்டு கட்சிக்காரர்கள், நடுவில் நாம் என்று உட்கார்ந்து பணம் பேசினால், நாம் குற்றவாளியின் பக்கம் போய்விட்டோம். சாதி மாறிக் கல்யாணம் செய்தவர்களை, 'பெத்தவங்க மனசு மாறிட்டாங்க' என்ற வார்த்தையை நம்பி வீட்டுக்கு அனுப்பி வைப்பதும் இதே வகைதான். 2016இல் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில், சாதி மாறிக் கல்யாணம் செய்த சங்கரை வெட்டிக் கொன்றது இந்தப் பகுதியில் யாருக்கும் மறக்காது. 2018இல் உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்கச் சொன்னது. பாதுகாப்புக்கு அங்கேதான் எழுதிக் கேட்க வேண்டும்.

சுமங்கலித் திட்டம் பற்றிப் பேசுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூன்று வருஷம் மில் விடுதியில் இருந்தால் கடைசியில் மொத்தப் பணம், அது கல்யாணத்துக்கு ஆகும் என்று சொல்லித்தான் பெண்களைக் கூட்டி வந்தார்கள். இதைக் கேட்டதும் 'மில்லை மூடு' என்று கோஷம் போடுவது சுலபம். மூடினால் அந்தப் பெண் எங்கே போவாள்? பெரும்பாலும் ஊருக்குத் திரும்பி, அவசரக் கல்யாணத்துக்குள். அவளிடம் கேட்டால் வேறு பட்டியல் வரும்: மாதச் சம்பளம் என் கணக்கில் வரணும், பிஎஃப் பிடிக்கணும், ஞாயிற்றுக்கிழமை வெளியே விடணும், போன் கையில் இருக்கணும். இவை ஒவ்வொன்றையும் எழுதிக் கேட்கலாம், அதிகாரியைப் பதில் சொல்ல வைக்கலாம். 'பெண்களுக்குப் பாதுகாப்பு வேண்டும்' என்ற மனுவுக்கு யாரும் பதில் எழுத முடியாது. 'இரவு பத்து மணி ஷிப்ட் முடியும்போது இந்த நிறுத்தத்தில் பஸ் இல்லை' என்று எழுதினால் பதில் எழுதியே ஆக வேண்டும். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, அதில் கேட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

அப்புறம், ஊராட்சித் தலைவர் பெண் என்றால் அவரிடமே பேசுங்கள். 50 சதவீத இடஒதுக்கீட்டில் ஜெயித்து வந்தவரை விட்டுவிட்டு, வீட்டுக்காரரிடம் 'தலைவரே' என்று பேசுகிற வழக்கம் நம் ஆட்களிடமே இருக்கிறது. கிராம சபைக்கு முந்தின நாள் அவரைப் பார்த்து, தீர்மானத்தின் வாசகத்தை அவரோடு உட்கார்ந்து எழுதுங்கள்.

கட்சி பற்றிக் கேட்பார்கள். கட்சியில் சேர்வது தப்பில்லை, சொல்லிவிட்டுச் சேருங்கள். வெளிநாட்டு நிதி வாங்கும் அமைப்பில் வேலை என்றால் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அந்தப் பணம் கட்சிக்கும் வேட்பாளருக்கும் போகக் கூடாது என்று சட்டம் இருக்கிறது.

சம்பளத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெரும்பாலான வேலைகள் திட்டம் முடியும்வரைதான். சேரும்போதே நியமனக் கடிதம், எத்தனை மாதம், பயணப்படி, பிஎஃப் என்று கேட்டு வாங்குங்கள். தொழிலாளர் உரிமை பேசும் இடத்தில் இதைக் கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை. திட்டம் முடிகிற தேதி தெரிந்ததும், கையில் இருக்கும் ஒவ்வொரு வழக்கும் யாரிடம் போகிறது என்று எழுதி வைத்து, அந்தப் பெண்ணுக்கும் நேரில் சொல்லிவிட்டு வாருங்கள்.