மறதி உள்ள நோயாளி அட்மிட் ஆனால் வீட்டாரிடம் முதலில் கேட்க வேண்டியது

வார்டில் வேலை செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. நினைவாற்றல் குறைந்த ஒருவர் அட்மிட் ஆனதும் "எத்தனை வருஷமா மறதி?" என்றுதான் ஆரம்பிப்போம். அதைவிட முக்கியமான கேள்வி: "வழக்கத்தைவிட இப்போது குழப்பம் அதிகமா? எப்போதிலிருந்து?" ஓரிரு நாளில் திடீரென்று மாறியிருந்தால் அதைப் பழைய மறதியின் கணக்கில் சேர்க்காதீர்கள், டெலிரியமாக (உடல்நலக் கோளாறால் திடீரென்று வரும் மனக்குழப்பம்) இருக்கலாம். தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், புது மாத்திரை என்று எதுவும் காரணமாகலாம். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

அப்புறம் அன்றாட விஷயங்கள். எப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், வலியை எப்படிக் காட்டுவார் (சிலர் வாயால் சொல்லமாட்டார்கள், தொட்டால் கையைத் தட்டிவிடுவார்கள்), ராத்திரி எத்தனை முறை பாத்ரூம் போவார், எதைக் கண்டால் மிரளுவார். கண்ணாடியும் காதுக் கருவியும் பெரும்பாலும் வீட்டிலேயே கிடக்கும், கொண்டுவரச் சொல்லுங்கள். காது கேட்காததையே குழப்பம் என்று நாம் எழுதிவிடுவதுண்டு.

கூடவே இருந்து பார்த்துக்கொள்பவரிடம் கேளுங்கள், எப்போதாவது வந்துபோகும் உறவினரிடம் அல்ல. நோயாளி அங்கே இல்லாததுபோல் அவர் தலைக்கு மேலே பேச வேண்டாம். கேட்டதை ஒரே தாளில் எழுதி, ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவரிடம் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் களைத்துப்போன குடும்பம் அதே பதிலை மூன்றாவது முறையும் சொல்லும்.