ஆல்ப்ஸ் மலைப்பூக்களை விதையிலிருந்து வளர்த்தல்

ஆல்ப்ஸ் மலையின் பல்லாண்டுச் செடிகள் பலவற்றின் விதைகளுக்குக் குளிர் மட்டும் போதாது. ஈரத்தோடு சேர்ந்த குளிர் வேண்டும். பொட்டலத்தோடு குளிர்சாதனப் பெட்டியில் வைத்த காய்ந்த விதை கெடாமல் இருக்குமே தவிர, அதன் உறக்கம் கலையாது. இலையுதிர்காலத்தில் விழும் விதை அப்போதே முளைத்தால் பிஞ்சு நாற்று பனிக்காலத்தில் மடிந்துவிடும் என்பதால், நனைந்தபடி பல வாரங்கள் குளிரில் கிடந்த பிறகே முளைக்கும் இயல்பு இவற்றுக்கு அமைந்திருக்கிறது.

நீல எக்காளப் பூக்கள் தரும் ஜென்ஷியனை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பியத் தோட்டங்களில் இதை டிசம்பர், ஜனவரி மாதங்களில் விதைப்பது வழக்கம். நாற்றுமண் கலவையோடு சம அளவு சிறுசல்லியைக் கலந்து, அடியில் துளையுள்ள சிறு தொட்டியில் நிரப்பி, மேற்பரப்பை லேசாக அழுத்திச் சமன் செய்ய வேண்டும். விதை மிகப் பொடியானது. உலர்ந்த மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது. அதன்மேல் மண் போடக் கூடாது. 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவுள்ள சல்லியை மெல்லிய படலமாகப் பரப்பினால், இடுக்குகள் வழியே விதைக்கு வெளிச்சம் கிடைக்கும், மழையில் விதை அடித்துச் செல்லப்படாது, பாசியும் எளிதில் படராது. மேலிருந்து நீர் ஊற்றாமல், தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைத்து, மேற்பரப்பு ஈரத்தால் கருத்ததும் எடுத்துவிட வேண்டும். பிறகு நிழலான வெளியிடத்தில், எலி புகாதபடி கம்பிவலை மூடி, வசந்தம் வரை விட்டுவிடலாம். குளிர்காலம் மிதமான ஊர்களில், ஈரமணலில் கலந்த விதையை 4 டிகிரி செல்சியஸில் 6 முதல் 8 வாரங்கள் வைத்திருந்து விதைப்பதே வழி.

வெண்பஞ்சு போன்ற பூக்கள் தரும் எடல்வைஸ் இத்தனை பிடிவாதம் பிடிப்பதில்லை. மூடாமல் விதைத்து, வெளிச்சத்தில் 15 முதல் 20 டிகிரியில் வைத்தால் பெரும்பாலும் சில வாரங்களில் முளைத்துவிடும். புதியவர்கள் இதிலிருந்து தொடங்குவதே நல்லது. மணி வடிவப் பூக்கள் தரும் பல்சட்டில்லாவின், வால் போன்ற இழையுள்ள விதையையோ, முற்றிய உடனே விதைத்துவிட வேண்டும். நாள்பட்டால் முளைப்பு தாமதமாகும்.

வித்திலைகளுக்குப் பின் இரண்டு இணை இலைகள் வந்ததும் நாற்றுகளைப் பிரித்து நடலாம். ஜென்ஷியனில் இனம் பார்த்து மண் அமைக்க வேண்டும்: அகாலிஸ் இனம் அமில மண்ணையும், குளூசி இனம் சுண்ணாம்பு மண்ணையும் நாடுபவை. உரத்தைத் தாராளமாக இடுவது வீண்வேலை. கொழுத்து வளர்ந்த இலைகள் குளிர்காலத்தில் எளிதில் அழுகும். மலையில் பனிப்போர்வைக்கு அடியில் ஓரளவு உலர்ந்தே கிடக்கும் எடல்வைஸை, தாழ்நிலத்தில் கொல்வது குளிரைவிடத் தேங்கும் மழைநீரே ஆகையால், பக்கங்களில் காற்றோட்டம் விட்டு, மேலே மட்டும் கண்ணாடித் தகடு வைப்பது உதவும்.

முதல் வசந்தத்தில் ஒன்றும் முளைக்கவில்லை என்று தொட்டியைக் கொட்டிவிடக் கூடாது; சில விதைகள் இரண்டாவது குளிர்காலமும் கடந்த பிறகே முளைக்கும். அதனால் செடியின் பெயரையும் விதைத்த தேதியையும் ஓர் அடையாள அட்டையில் பென்சிலால் எழுதித் தொட்டியில் செருக வேண்டும். பேனா மை அதுவரை தாங்காது.