கடை வயரிங்: உறை கேபிளை பைப்புக்குள் விடலாமா?

விடலாம், நீளமாக வேண்டாம். தட்டை உறை கேபிள் (சில வயர்களை ஒரே வெளியுறைக்குள் அடக்கியது) பைப் வளையும் பெண்டில் மடங்காமல் சிக்கும், சூடும் வெளியேறாது. திருநெல்வேலி டவுன் பக்கம் தகர ஷீட்டுக்கு அடியில் பைப் போனால், சித்திரை வெயிலில் கேபிள் தாங்கும் ஆம்பியர் இன்னும் குறையும்.

சுவரில் இறங்கும் இடத்தில் அடிபடாமல் காக்க மட்டும் 25 மி.மீ. பைப்புக்குள் விடுங்கள். பைப்புக்குள் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று பார்க்க, தட்டைக் கேபிளின் அகலத்தையே விட்டமாகக் கணக்கிட வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பைப் வாயில் புஷ் (விளிம்பை மூடும் வளையம்) போடாவிட்டால் விளிம்பு உறையைக் கிழிக்கும்.

மற்ற ஓட்டமெல்லாம் ஒற்றை வயர் (வெளியுறை இல்லாத தனித்தனி வயர்): லைட்டுக்கு 1.5, ஏ.சி.க்கு 4 சதுர மி.மீ. பைப்பின் உட்பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். இரண்டு பெண்டுக்கு ஒரு ஜங்ஷன் பாக்ஸ். ஜாயிண்ட் அதற்குள் மட்டும். இழுக்க டால்கம் பவுடர் போதும், கிரீஸ் ஆகாது: பி.வி.சி.யைக் கெடுக்கும்.