பழைய ரிவால்வருக்கு வீட்டில் தோட்டா நிரப்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கிவந்து வீட்டு மேசையிலேயே மறுபடி நிரப்பிக்கொள்வது அமெரிக்காவில் நெடுநாள் பழக்கம். கோல்ட் நிறுவனம் 1873இல் கொண்டுவந்த ‘சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி’ ரிவால்வரை வைத்திருப்பவர்களுக்கு இதில் தனி ஆசை. அவர்களைக் கவிழ்க்கும் தவறுகளில் மோசமானவை கூட்டுக்குள் இருக்கும் காலி இடத்தில்தான் பிறக்கின்றன.

அந்த ரிவால்வரில் போடும் .45 கோல்ட் தோட்டா முதலில் 40 கிரெய்ன், அதாவது சுமார் 2.6 கிராம் கருமருந்துக்காக (பழைய கருநிற வெடிமருந்து) அமைந்தது. கூடு நிறைய மருந்து, அதன் தலையில் ஈயக் குண்டு. இன்றைய புகையற்ற மருந்துக்கு வீரியம் அதிகம், ஆகவே அளவு குறைவு. அதே கூட்டின் அடியில் கொஞ்சமாகப் படிந்து கிடக்கும். இரண்டு முறை கொட்டினாலும் வழியாது. நடுவில் தொலைபேசி மணி அடிக்கிறது, எழுந்து போய் வருகிறோம், எந்தக் கூட்டில் விட்டோம் என்று நினைவில்லை. தோட்டாக்களைத் தன் அறைகளில் ஏந்திச் சுழலும் சிலிண்டர் பிளக்க இது போதும். துளைப் பலகையில் கூடுகளை வரிசையாக நிறுத்தி, குண்டு வைக்கும் முன் டார்ச் அடித்து ஒவ்வொன்றையும் எட்டிப் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் அத்தனையையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

மருந்தே விழாத கூடும் ஆபத்துதான். கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரின் உந்தலே குண்டைக் குழலுக்குள் தள்ளிச் சிக்கவைத்துவிடும். ‘டமார்’ என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘டப்’ என்று கேட்கும். அதைப் பொருட்படுத்தாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது வெடிக்கும்.

எந்தத் தோட்டாவுக்கு எவ்வளவு மருந்து என்று சொல்லும் கையேட்டில் தவறான பக்கத்தைப் பார்ப்பவர்களும் உண்டு. .45 கோல்ட்டுக்கு ரூகர் பிளாக்ஹாக் போன்ற தடித்த நவீன ரிவால்வர்களுக்கென்றே தனிப் பட்டியல் இருக்கும். தோட்டாவின் பெயர் ஒன்றுதான். பழைய சிலிண்டரின் சுவர் அந்த அழுத்தத்தைத் தாங்காது. கோல்ட் நிறுவனமே புகையற்ற மருந்துக்கு உத்தரவாதம் தந்தது 1900இல்தான். அதற்கு முந்தைய துப்பாக்கியில் கொஞ்சமாகப் போட்டுச் சுடலாமே என்பார்கள். நான் ஒப்பமாட்டேன். கருமருந்தையே போடுங்கள், அதிலும் குண்டுக்கும் மருந்துக்கும் இடையே இடைவெளி விடாதீர்கள்.

கூட்டின் வாயைக் குண்டின் பள்ளத்தில் இறுக்கி மடிக்காமல் விடுவது அற்பமாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு வெடியின் உதைப்புக்கும் மற்ற அறைகளில் உள்ள குண்டுகள் மெல்ல நழுவி, சிலிண்டருக்கு வெளியே மூக்கை நீட்டும். பிறகு சிலிண்டர் சுழலாது. அதைத் தட்டிக்கொட்டிச் சுழற்றப் பார்ப்பது இன்னொரு தவறு.