ரீஃப்ளாஷா, பியூல் ட்யூனரா?

பைக்கில் சைலன்சரும் ஏர் ஃபில்டரும் மட்டும் மாற்றியிருந்தால் பிக்கிபேக் ட்யூனர் எனப்படும் பியூல் ட்யூனரே போதும். ஈசியூவுக்கும் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கும் நடுவே உட்கார்ந்து, இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைக்கும், வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். ஆனால் புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஓ2 சென்சார் உள்ள வண்டி சீரான வேகத்தில் ஓடும்போது, ஈசியூ காற்று-பெட்ரோல் கலவையை மறுபடி 14.7:1 பக்கமே இழுத்துவிடும். கூட்டியதெல்லாம் வீண்! சென்சார் சிக்னலையும் கையாளும் மாடலா என்று கேட்டு வாங்குங்கள்.

ரெவ் லிமிட் (இன்ஜின் சுழற்சியின் உச்ச வரம்பு), ரைட்-பை-வயர் த்ராட்டில் (கேபிளுக்குப் பதில் மின் சிக்னலில் இயங்குவது), ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கும் சூடு இவையும் மாற வேண்டுமென்றால், ஈசியூவின் சாஃப்ட்வேரையே மாற்றி எழுதும் ரீஃப்ளாஷ்தான். எழுதும்போது பேட்டரி இறங்கினால் ஈசியூ முடங்கிப்போகலாம். சார்ஜரை மாட்டி, ஹெட்லைட்டின் இணைப்பைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். ஒரிஜினல் மேப்பின் (ஈசியூவில் உள்ள செட்டிங் அட்டவணை) நகல் கையில் இருக்கட்டும். ஷோரூமில் சாஃப்ட்வேர் அப்டேட் போட்டால் புது மேப் அழிந்துவிடும், முன்பே சொல்லி வையுங்கள்.