கனடா குடியுரிமை விண்ணப்பம்: நாள் கணக்கு முதல் உறுதிமொழி வரை

படிவத்தைத் திறப்பதற்கு முன் வீட்டில் உள்ள பழைய, புதிய கடவுச்சீட்டுகள் அத்தனையையும் எடுத்து வையுங்கள். அதிகம் சிக்கல் வருவது நாள் கணக்கில்தான்.

1. நாட்களை எண்ணுங்கள்

விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 5 ஆண்டுகளில் 1,095 நாட்கள் கனடாவுக்குள் இருந்திருக்க வேண்டும். பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) கிடைத்த பிறகு இருந்த ஒவ்வொரு நாளும் முழு நாள். அதற்கு முன் மாணவராகவோ, வேலை அனுமதியிலோ, அகதியாக ஏற்கப்பட்ட பின்போ இருந்த நாள் அரை நாள்; அப்படி அதிகபட்சம் 365 நாட்கள் வரைதான் சேரும். அகதிக் கோரிக்கையின் முடிவுக்காகக் காத்திருந்த காலம் சேராது.

கிளம்பிய நாளும் திரும்பிய நாளும் கனடாவில் இருந்ததாகவே கொள்ளப்படும். ஜூன் 3 புறப்பட்டு ஜூன் 20 வந்திறங்கினால் கழிவது 16 நாட்கள். காலையில் எல்லைக்கு அப்பால் அமெரிக்காவில் உள்ள பஃபலோ போய் மாலையில் திரும்பினால் எதுவும் கழியாது. ஆனாலும் பட்டியலில் எழுதுங்கள். எல்லைச் சேவை முகமையிடம் உங்கள் வரவு, போக்குப் பதிவுகள் இருக்கின்றன. அந்தப் பதிவுகளோடு உங்கள் பட்டியல் முரண்பட்டால் கோப்பு மாதக்கணக்கில் தேங்கலாம். ஆகவே நினைவை நம்பாமல் முத்திரைகளையும் விமானச் சீட்டு மின்னஞ்சல்களையும் பார்த்து, குடிவரவுத் துறையின் இணையக் கணிப்பானில் பதியுங்கள். 1,095 வந்த அன்றே அனுப்பாதீர்கள். ஒரு பயணம் விடுபட்டிருந்தாலும் ஒரு நாள் குறைந்து விண்ணப்பம் தகுதி இழக்கும். சில வாரங்கள் கூடுதலாகச் சேரட்டும்.

2. அகதியாக வந்தவர்கள் கவனிக்க

குடியுரிமை கிடைக்கும் முன் சொந்த நாட்டுக் கடவுச்சீட்டை எடுப்பதோ புதுப்பிப்பதோ, அந்த நாட்டுக்குப் போய்வருவதோ பேராபத்து. அகதிப் பாதுகாப்பு உங்களுக்கு இனித் தேவையில்லை என்று அரசு வாதிட்டு வென்றால், 2012 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி பி.ஆரும் சேர்ந்தே போய்விடும். ஏற்கெனவே போய்வந்திருந்தால் விண்ணப்பிக்கும் முன் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள்.

3. ஆவணங்கள்

ஐந்து ஆண்டுகளையும் உள்ளடக்கும் கடவுச்சீட்டுகளின் விவரப் பக்கங்கள், 2 அடையாள அட்டைகள், புகைப்படம். வருமான வரி தாக்கல் செய்யக் கடமைப்பட்டவர்கள் அந்த 5 ஆண்டுகளில் 3 ஆண்டுகளுக்கு வரிக் கணக்கு கொடுத்திருக்க வேண்டும். கடந்த 4 ஆண்டுகளில் வேறொரு நாட்டில் தொடர்ந்து 183 நாட்களோ மேலோ இருந்திருந்தால் அந்நாட்டுக் காவல்துறைச் சான்றிதழும் வேண்டும்.

18 முதல் 54 வயது வரையானோருக்கு மொழிச் சான்று கட்டாயம். ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ பேசுவதிலும் கேட்பதிலும் கனடிய மொழி அளவுகோலின் (சிஎல்பி) 4ஆம் நிலை போதும். உடனே ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்: சென்னையிலோ கொழும்பிலோ ஆங்கிலவழியில் முடித்த பட்டமும் செல்லும். பயிற்றுமொழி சான்றிதழில் இல்லையென்றால் கல்லூரியிடம் கடிதம் வாங்கி இணையுங்கள்.

4. தேர்வு

20 கேள்விகள், 15 சரியாக வேண்டும். அரசு இலவசமாகத் தரும் ‘டிஸ்கவர் கனடா’ கையேட்டிலிருந்தே கேட்பார்கள். உங்கள் மாகாண முதல்வர், லெப்டினன்ட் கவர்னர் (மாகாணத்தில் மன்னரின் பிரதிநிதி) பெயர்களைத் தனியே பார்த்துக்கொள்ளுங்கள், அவர்கள் மாறுவார்கள்.

5. உறுதிமொழி

உறுதிமொழி எடுத்த கணமே பி.ஆர். அட்டை செல்லாது. கனடியக் கடவுச்சீட்டு கைக்கு வரும்வரை வெளிநாட்டுப் பயணம் எதையும் பதிவு செய்யாதீர்கள். திரும்பி வர விமானத்தில் ஏற்றமாட்டார்கள். இந்தியக் குடிமக்கள் அன்றே இந்தியக் குடியுரிமையை இழக்கிறார்கள். இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கிய பிறகுதான் ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டைக்குப் போக முடியும். இலங்கையரானால் இரட்டைக் குடியுரிமைக்கு இலங்கை அரசிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.